பெண்கள் பெட்டியில் இரண்டு புத்தகங்கள்

எழுபதுகளில் பொன்னேரியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய்வந்த எனக்கு, புதுப் புத்தகங்களில் எது நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பத்திரிகை மதிப்புரை எதுவும் தேவைப்படவில்லை. காலை பாசஞ்சரின் பெண்கள் பெட்டியே போதும். மாதாமாதம் எல்லோரும் சேர்ந்து இரண்டு புத்தகங்கள் வாங்குவோம். எதை வாங்குவது என்பதில் மீஞ்சூரில் ஏறும் டீச்சருக்கும் எனக்கும் ஓயாத சண்டை. அவருக்கு யாராவது கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்திருக்க வேண்டும், அதுவும் நிஜமாக வந்திருக்க வேண்டும். எனக்கோ முதல் அத்தியாயத்திலேயே ஒரு பிணம் விழுந்தாக வேண்டும்.

"காலங்காத்தால கொலையா? வெளங்கிடும்" என்பார் டீச்சர்.

"உங்க புத்தகத்துல எல்லாரும் நல்லவங்க. எனக்குத் தூக்கம் தூக்கமா வருது டீச்சர்" என்பேன்.

கடைசியில் அவர் சிபாரிசில் ஒன்று, என் சிபாரிசில் ஒன்று என்று முடியும்.

வாங்கிய புத்தகத்தை முழுசாக வைத்துக்கொண்டால், ஒருத்தி படித்து முடிக்கும்வரை மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் அட்டையைக் கழற்றி, தையலைப் பிரித்து, பதினாறு பதினாறு பக்கமாக எடுத்துக்கொள்வோம். ஒருத்தி படித்ததும் அடுத்தவளிடம் போகும். முடிவை மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. புத்தகத்தைப் பிய்ப்பது பாவம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், அத்தனை பேர் படித்தோமே!

அந்த மாதம் டீச்சரின் புத்தகம், பரீட்சையில் மூன்று முறை தோற்ற ஓர் அம்மாள் எழுதிய தன் கதை. என்னுடையது ஒரு மலை பங்களாக் கொலை. அதையும் ஒரு பெண்தான் 'நான், நான்' என்று சொல்லிக்கொண்டு போவாள்.

கவரைப்பேட்டையில் ஒரு பெண் ஏறுவாள். அப்பாவும் அம்மாவும் வயல் கூலிகள். இவள் மருந்து கம்பெனியில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டவள். பாஸ் செய்தால் அதே கம்பெனியின் ஆபீசில் உட்காரலாம். மறுபடி எழுது, எழுது என்று டீச்சர் அவளை அரிக்காத நாளில்லை.

"இந்தப் பொஸ்தகத்துல வர்ற அம்மா நாலாவது வாட்டி பாஸ் ஆவட்டும் டீச்சர். நானும் பரீட்சைக்குப் பணம் கட்றேன்" என்றாள் ஒரு நாள்.

மற்றவர்கள் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள், இவள் புத்தகத்தில் பார்த்தாள். முடிவு தெரிந்த டீச்சர் வாயை இறுக மூடிக்கொண்டு சிரித்தார்.

பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசி நாள் வந்தது. அன்று காலை நான் ஏறியபோது அவள் கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, ஊட்ல சண்டையா?" என்றேன்.

"இல்லக்கா. அந்தம்மாவ போலீசு இட்டுக்கினு பூட்டாங்க" என்று மூக்கை உறிஞ்சினாள். "ரிசல்ட் பாக்க ஸ்கூலுக்குப் போனாங்க. பக்கத்தத் திருப்புனா கையில வெலங்கு. யாருக்கோ வெசம் வச்சிட்டாங்களாம். அவ்ளோ கஷ்டப்பட்டவங்களுக்கு இந்தக் கதியா?"

மீஞ்சூரில் ஏறியதும் இதைக் கேட்ட டீச்சர் ஆடிப்போனார். "விஷமா? அவங்க எறும்பைக்கூட மிதிக்க மாட்டாங்களே!"

எனக்குப் பொறி தட்டியது. முந்தின நாள் நான் ஒரு பக்கம் மட்டும் படித்திருந்த பகுதியில், கொலை விசாரணைக்கு நடுவே ஒரு தலைமை ஆசிரியை ஓடிவந்து கதாநாயகியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொலைக் கதையில் யாரும் சும்மா கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று, சமைக்கும்போதுகூட அந்தத் தலைமை ஆசிரியையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு புத்தகமும் ஒரே அளவு, ஒரே மட்டக் காகிதம். யார் கையிலோ பகுதிகள் மாறியிருந்தன. பக்க எண் மட்டும் ஒழுங்காக இருந்தது.

என்னிடமிருந்த அந்தப் பகுதியைப் பையிலிருந்து எடுத்து உரக்கப் படித்தேன். அந்த அம்மாள் நாலாவது முறை பாஸ்! பெட்டியே கைதட்டியது. படிக்கத் தெரியாத மீன்கூடைக்காரம்மாகூட "அப்பாடா" என்றார். கொலைகாரன் பிடிபட்டபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"கேட்டியா? இன்னிக்குக் கடைசி நாள். கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு நேரா போய்ப் பணம் கட்டு" என்று நானும் டீச்சரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நேத்தே கட்டிட்டேன்க்கா."

"நேத்தா? போலீசு புடிச்சதப் படிக்கறதுக்கு முன்னாடியா?" என்றேன்.

"படிச்சப்பறந்தான். மத்தியானம் சோறு துன்ற நேரத்துல படிச்சேன், மனசு கேக்கல. அவங்கதான் பாவம் உள்ள பூட்டாங்களே, அவங்களுக்கும் சேத்து நாம எய்திட்லாம்னு பர்மிஷன் கேட்டுக்கினு போய் கட்டிட்டு வந்துட்டேன்."