சீமைக்கோழிகளும் கப்பல் பெட்டியும்

எனக்குக் கோழி என்றால் பயம். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அம்மா வீட்டில் மீனைத் தவிர வேறு உயிர் உள்ளே நுழைந்ததில்லை; அதுவும் செத்துத்தான் நுழையும். அப்படி வளர்ந்தவளை ராயபுரத்தில் கட்டிக்கொடுத்து, மூன்று சீமைக்கோழிகளோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம் பண்ண வைத்தார்கள்.

ரயில்வேயில் இருந்த ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியது. பெட்டி சுமந்து உதவிய என் வீட்டுக்காரரிடம் தங்கள் கோழிகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். செங்கல் நிறம். நாட்டுக்கோழி இரண்டைச் சேர்த்துக் கட்டினாலும் இதில் ஒன்றுக்கு ஈடாகாது. நடந்தால் தரையில் தப் தப்பென்று சத்தம் கேட்கும். எனக்கு அப்போது நான்காம் மாதம். முந்தைய பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்று போயிருந்தது. அதனால் ஆஸ்பத்திரி நர்ஸம்மா, தினம் ஒரு முட்டை தின்றே ஆகவேண்டும் என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். கோழிகளைக் கண்டதும் என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"முட்டைக்கு இன்னாமே கவலை இனிமே? வூட்லயே கீது."

வீட்டில் இருந்தது கோழிதான். முட்டையைத் தேட வேண்டியிருந்தது. பழைய இடம் மாறிய கோபமோ என்னவோ, விறகுக்குப் பின்னால் இட்டன, கட்டிலுக்கு அடியில் இட்டன. வாசலில் இட்டதைக் காக்கை தூக்கிப் போனது. உடைந்ததை அவையே கொத்தித் தின்றன. ருசி கண்டுவிட்டால் அப்புறம் ஒரு முட்டையையும் மிச்சம் வைக்காது என்று பக்கத்து வீட்டுப் பாயம்மா வேறு பயமுறுத்தினார்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். எங்கள் தெருவில் எதைச் செய்தாலும் கப்பலில் வந்த பெட்டிப் பலகையில்தான் செய்வார்கள். கட்டில், கதவு, மாதா சுரூபம் நிற்கிற மேடை எல்லாம் அதுதான். அந்தப் பெட்டியில் முன்பு என்ன வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, இடுப்பு உயரத்தில் சுவரோடு அடித்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு கோழிகளால் ஏற முடியவில்லை. தட்டுத்தடுமாறி ஏறிய ஒன்றும், பயந்து குதித்ததில் முட்டையை மிதித்து உடைத்தது. பிறகு பெட்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினார். மூன்றாய்த் தடுத்திருந்ததை இரண்டாக்கி இடத்தை அகலப்படுத்தினார். வைக்கோலைக் கெட்டியாகப் பரப்பி, முட்டை உருண்டு விழாமல் முன்னால் ஒரு சட்டமும், உள்ளே இருட்டாக இருக்கக் கோணித் திரையும் அடித்தார். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகை வாங்கி வந்து உருக்கி, முட்டை ஓட்டில் ஊற்றி ஒரு பொய் முட்டையும் செய்தார். ஏற்கனவே ஒன்று கிடந்தால்தான் கோழிக்கு அங்கே இடத் தோன்றுமாம்.

சில வாரத்தில் மூன்றும் வழிக்கு வந்தன. முட்டையை அவர்தான் எடுப்பார், நான் அடுப்பங்கரை வாசலோடு சரி. தினமும் ஒன்றை அவித்துத் தின்றேன். கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியது.

எனக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. கோழிகளுக்குப் பேன் பிடித்திருக்கிறது என்று பாயம்மா சொன்னதால், அவை வெளியே மேய்கிற நேரம் பார்த்து, வைக்கோலை அள்ளிப் போட்டுவிட்டுப் பெட்டியைச் சாம்பலால் தேய்த்தேன். அடிப்பலகையில் கறுப்பாக ஏதோ அச்சு தெரிந்தது. அழுத்தித் தேய்த்தேன். மண்டை ஓடு. அதன் கீழே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு எலும்பு.

விஷ மருந்து வந்த பெட்டி. இதன்மேல் கிடந்த முட்டைகளைத்தான் இத்தனை நாளும் தின்றிருக்கிறேன். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுத்தேன். காலையில் தின்ற இட்லிதான் வந்தது. நேற்றுவரை தின்ற முட்டை எங்கே வரப்போகிறது?

சாயங்காலம் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் மாறியதை நான் கவனித்தேன். பிறகுதான் சிரித்தார்.

"மருந்து டின்னுக்குள்ள வரும்மே, பெட்டில இன்னா ஒட்டிக்கினு இருக்கப் போவுது? கோழிங்கோ அது மேலயேதான குந்திக்கினு கீது. செத்தா பூட்ச்சு?"

பலகையைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கடலில் வீசிவிட்டு, வேறு பலகை அடித்தார். பெட்டியிலிருந்து பெயர்த்துவிடலாம். என் வயிற்றுக்குள் போனதை யார் பெயர்ப்பது?

அவர் ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை என்னைப் பேயாகப் பிடித்துக்கொண்டது. கோழிகளுக்கு ஒன்றும் ஆகாதவரை பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. காலையில் முகம்கூடக் கழுவாமல் போய்ப் பார்ப்பேன். மூன்றும் நடக்கிறதா, இரை எடுக்கிறதா? ஒன்று தும்மினால் எனக்குச் சோறு இறங்காது. ஈஸ்டருக்கு ஒன்றை அறுக்கலாமா என்று கேட்டவரை, "கோழி மேல கைய வச்ச, நான் எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்" என்று கத்தித் தீர்த்தேன். நர்ஸம்மாவிடம் மண்டை ஓட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

ஒரு காலை இரண்டு கோழிதான் வெளியே வந்தன. மூன்றாவது பெட்டிக்குள் சப்பையாகப் படுத்திருந்தது. இறகெல்லாம் சிலிர்த்து, கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. அரிசியை வீசினேன், பார்க்கவில்லை. தண்ணீர் வைத்தேன், எழவில்லை. உச்சி வெயில் ஏறும்வரை அப்படியே கிடந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: விடிந்ததிலிருந்து என் வயிற்றிலும் அசைவே இல்லை.

"பாயம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் மாவுக்கையோடு ஓடிவந்தார்.

"கோழி சாவுது பாயம்மா. எம்புள்ளயும் அசைய மாட்டேங்குது." அழுதுகொண்டே மண்டை ஓட்டுக் கதை முழுவதையும் கொட்டினேன்.

அவர் கோணியைத் தூக்கிப் பார்த்தார். "அடிப் பைத்தியமே, இது அடைக்கு உக்காந்துகீது. சாவுற கோழியா இந்த மொறை மொறைக்கும்?"

அடைக்கோழி என்று கேட்டிருக்கிறேன், கண்டதில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றே நினைத்தேன். "பொய் சொல்ற பாயம்மா. பொய் சொல்ற."

"நானா பொய் சொல்றேன்? வா, நீயே தொட்டுப் பாரு."

மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என் கையைக் கோழியின் வயிற்றுக்கு அடியில் சொருகினார். அடுப்பு மாதிரி சூடு. நான் அதை உணர்வதற்குள் கோழி உறுமிக்கொண்டு புறங்கையில் ஒரு கொத்து கொத்தியது. சதை பிய்ந்து போனது போல் வலி. வீல் என்று அலறிச் சுவரில் சாய்ந்தேன். அந்த அலறலோடு, விலாவுக்குக் கீழே, உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது.

வயிற்றில் கையை வைத்து இன்னொரு உதைக்குக் காத்தேன், வரவில்லை.

"ரத்தம் வருது பாரு, கையக் குடு" என்றார் பாயம்மா.

நான் கொடுக்கவில்லை. ஒரு உதை போதவில்லை எனக்கு. கோணியை விலக்கிக் கையை மறுபடியும் கோழிக்கு அடியில் விட்டேன்.