எங்கே என்று கேட்காமல் தள்ளியவர்கள்

என் அக்காவுக்கு இரண்டு கால்களும் வராது. கைக்குழந்தையாக இருக்கும்போதே இளம்பிள்ளை வாதம் வந்துவிட்டது. எனக்குப் பேச்சு வராது. நோயெல்லாம் இல்லை, கூச்சம்தான். கடையில் போய் நின்றால், எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் சாமான் வாங்கிக்கொண்டு போன பிறகும் நான் நின்றுகொண்டே இருப்பேன். அதனால் ராஜபாளையத்தில் எங்களை இரண்டு ஆட்களாக யாரும் நினைத்ததில்லை. அக்காவை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து நான் மிதிப்பேன். போய்ச் சேர்ந்த இடத்தில் அவள் பேசுவாள். சில சமயம் சைக்கிள் நிற்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவாள்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிற்பாடு நூல் மில்லில் வேலை கிடைத்தது. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மாறிக்கொண்டே இருக்கும். நான் தூங்கும் நேரமும் மில்லில் இருக்கும் நேரமும் போக, மிச்சத்தில்தான் அக்கா வெளியே போக முடியும். அவளுக்கோ வேலைக்குப் போக ஆசை. ரயில்வே கேட்டைத் தாண்டி, பேண்டேஜ் துணியை வெட்டிச் சுருட்டுகிற ஷெட் ஒன்று இருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை. ஒரு நாள் அவளை அங்கே தூக்கிக்கொண்டு போய் இறக்கினேன். சுருட்டிக் காட்டினாள். முதலாளிக்கு அவள் வேலை பிடித்திருந்தது, என்னைத்தான் பிடிக்கவில்லை.

“பொம்பளைப் பிள்ளைக வேலை பாக்குற எடம். தெனமும் ஒரு ஆம்பளை உள்ள தூக்கிட்டு வந்து இறக்குனா சரிப்படாதும்மா. நீயா வந்து நீயா போறதா இருந்தா வா. வேலை இருக்கு.”

“வருவேன். எடத்த யாருக்கும் குடுத்துராதீய” என்றாள் அக்கா. எதில் வருவாள் என்று அவளுக்கே தெரியாது.

கால் வராதவர்களுக்கு அரசாங்கம் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி கொடுக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் போய் இறங்கி, அவளை முதுகில் சுமந்துகொண்டு வரிசையில் நின்றேன். டாக்டர் அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே எல்லாம் கேட்டார். எத்தனை வயதில் வந்தது, கை நன்றாக இருக்கிறதா, வீட்டில் யார் யார். நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இவங்களுக்குப் பேச வருமா?” என்றார் அவர், அக்காவைக் காட்டி.

“நான் பேசுவேன் சார். நிப்பாட்டுறதுதான் கஷ்டம்” என்றாள் அக்கா. “இவனுக்குத்தான் வராது. வண்டி எனக்கா இவனுக்கா?”

டாக்டர் சிரித்துவிட்டார். எந்தக் கையில் பலம் என்று கேட்டார். “ரெண்டும் பலம்தான். சந்தேகம்னா இவன் முதுகக் கேளுங்க” என்றாள். எழுதிக் கொடுத்துவிட்டார்.

சில மாதம் கழித்து அதே பள்ளிக்கூடத்து மைதானத்தில் விழா வைத்து வண்டிகளைக் கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கிற வரைக்கும் எல்லோரும் அவரவர் வண்டியில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு. அக்கா அவ்வளவு நேரம் பொறுப்பாளா? பேச்சு நடக்கும்போதே கைப்பிடியைச் சுற்றி, மேடைக்கு முன்னால் ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து வண்டிகள் கிளம்பிவிட்டன. போட்டோக்காரர் எல்லோருக்கும் பின்னால் ஓடினார்.

காய்கறி டெம்போவில் ஏற்றி வண்டியை வீடு கொண்டுவந்தோம். வாசல்படிக்கு நான் சிமெண்டில் ஒரு சரிவு பூசினேன். திங்கட்கிழமை அக்கா வேலைக்குக் கிளம்பினாள். வண்டி வந்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்திருந்தோம். ஊரை மறந்துவிட்டோம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இளகிய மனசு. ஒருத்தி வெயிலில் கையால் வண்டி சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக மாட்டார்கள். பின்னால் வந்து தள்ளுவார்கள். வேண்டாம் என்றால் காப்பிக்குச் சொல்கிற வேண்டாம் மாதிரி எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தள்ளுவார்கள். அதோடு இன்னொன்று. வெளியே கிளம்பிப் போகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் கெட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனவே யாரும் கேட்கவில்லை. அவர்களாகவே ஒரு இடத்தை நினைத்துக்கொண்டு அங்கே தள்ளினார்கள்.

முதல் நாள் ஒருவர் அவளை ரேஷன் கடையில் கொண்டுபோய் விட்டார். வரிசையில் நின்றவர்களிடம் சொல்லி முன்னால் வேறு இடம் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் ஒரு அம்மாள், கால் வராத பிள்ளை வேறு எங்கே போகும் என்று, நேராக அரசு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டாள். அக்கா கத்தியிருக்கிறாள். “பயப்படாத தாயி, ஊசிதான் போடுவாவ, செத்த நேரம்தான்” என்று அந்த அம்மாள் தேற்றியிருக்கிறாள். இன்னொரு நாள் அக்கா பிரேக்கைப் பிடிக்க, பின்னால் தள்ளியவரின் முழங்கால் இடித்துவிட்டது. அவர் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கும்போது விட்டுவிட்டுப் போக மனசு வராமல், அவளும் கூடவே இருந்தாள்.

எல்லா நாளும் லேட். சனிக்கிழமை முதலாளி கூப்பிட்டார். “உன் கை வேலையில கொறை இல்ல. ஆனா மணி அடிச்ச பொறவு வந்தா மத்தவளுகளும் அப்படித்தான் வருவாளுக. திங்கக்கிழமையும் லேட்டுன்னா வர வேண்டாம்.”

அந்தத் திங்கட்கிழமை நான் நைட் ஷிப்ட் முடிந்து வந்தபோது அக்கா வாசலில் வண்டியில் இருந்தாள். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். தெருமுனைக்குப் போனதும், பால் விற்கிறவர் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தாள்.

“பேண்டேஜ் ஷெட்டுக்கு வேலைக்குப் போறேன். யாரும் தள்ள வேண்டாம். வேலைக்குப் போறேன்.”

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஏட்டி, போற எடத்த இப்படித் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுப் போனா அந்தக் காரியம் வெளங்குமா?” என்றாள் ஒரு கிழவி.

“வெளங்குச்சா இல்லையான்னு சாயங்காலம் வந்து சொல்லுதேன் ஆச்சி.”

வரச் சொல்லாவிட்டாலும் நான் சைக்கிளில் கொஞ்சம் தள்ளியே பின்னால் போனேன். ஒருவர் தள்ளுவதற்குக் கை நீட்டிவிட்டு, சத்தத்தைக் கேட்டு இழுத்துக்கொண்டார். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று அவசரமே இல்லாமல் போனது. கேட் திறந்தபோது தண்டவாளத்து மேட்டில் வண்டி ஏறவில்லை. அக்கா திரும்பிப் பார்த்தாள். நான் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஓடினேன்.

“நீ வராத. ஷெட்டுக்காரவுக பாத்தா, தம்பிதான் கொண்டாந்து விடுதான்னு நெனைப்பாவ” என்றாள். பக்கத்தில் நின்ற கட்டைவண்டிக்காரரைக் கூப்பிட்டாள். “அண்ணே, மேடு தாண்டுற வரைக்கும் தள்ளுங்க. தாண்டுனதும் கைய எடுத்துருங்க.” அவர் தள்ளினார். தாண்டியதும் கையை எடுத்தார். அவள் ஷெட் வாசலில் இறங்கி, கைகளை ஊன்றி உள்ளே நகர்ந்து போன பிறகுதான் மணி அடித்தது.

நான் வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது சாயங்காலம். வேலை விட்டு வெகுநேரம் ஆகியும் அவள் வரவில்லை. அம்மா புலம்ப ஆரம்பித்தாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடினேன். ரேஷன் கடையில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை. கடைசியில் அய்யனார் கோவில் போகிற ரோட்டில் பார்த்தேன். மலையைப் பார்த்தபடி தனியாகச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

“இங்க யாரு தள்ளிவிட்டா?” என்றேன்.

“யாருமில்ல. நானா வந்தேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

வண்டியைத் திருப்பினாள். நான் அவளுக்குப் பக்கத்தில் மெதுவாக மிதித்தேன். அவள் வேகத்துக்கு மிதித்தால் சைக்கிள் நிலையாக நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏலே, எனக்காக மெல்லப் போயி விழுந்து தொலைக்காத. நீ முன்னால போ. நான் வாரேன்.”

சரி என்று மிதித்துப் போய்விட்டேன்.