மஞ்சள் வண்டியும் முசியேவின் காலை நடையும்

எங்கள் யார்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டி வாங்க வருவதில்லை. செல்ஃபி எடுக்க வருவார்கள். கல்யாண போட்டோவுக்குக் கொஞ்ச நேரம் தருவீர்களா என்று கேட்க வருவார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் சத்தத்தை வாயாலேயே எழுப்பிப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ்க்கா" என்று இறங்கிப் போவார்கள். நிஜமாகவே வாங்க வருகிறவர்களும் கதவைத் திறப்பதற்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "மைலேஜ் என்னா குடுக்கும்?"

பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிற வேக வண்டிகளை விற்கிற இடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது தனிக் கலை. அதை நான் பாயிடம் விட்டுவிடுவேன். அவர் முகத்தில் ஒரு ரேகைகூட மாறாது. "மெதுவா ஓட்டுனா நல்லா குடுக்கும் சார். ஆனா இதுல உக்காந்தா மெதுவா ஓட்டத் தோணாது. அது ஒண்ணுதான் இந்த வண்டியில கொறை."

பாய் என் பங்குதாரர். டவுனில் மூன்று தலைமுறையாகத் தையல் குடும்பம். இவர் கார் சீட்டுக்கு உறை தைப்பவர். நான் அப்போது ஒரு கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். எங்கள் வாடிக்கையாளர்களை உறை போட அவரிடம்தான் அனுப்புவேன். ஒரு நாள் எங்கள் கம்பெனி இந்தியாவில் இனிமேல் வண்டி விற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. ஷோரூமை மூடினார்கள். ஸ்பேர் கிடைக்காது, சர்வீஸ் கிடைக்காது என்று பயந்துபோய் எல்லோரும் வண்டியைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். போதாததற்கு அந்தச் சமயம் ஊரே உயரமான வண்டிக்கு மாறிக்கொண்டிருந்தது. லாரி மாதிரி ஏறி உட்கார்ந்தால்தான் மரியாதை. தாழ்வாக, சின்னதாக, டர்போ இன்ஜினோடு இருந்த வண்டிகளை வாசலில் நிறுத்தவே கூச்சப்பட்டார்கள்.

எனக்கு வேலை போயிருந்தது. அந்த வண்டிகளின் ஒவ்வொரு ஸ்க்ரூவும் எனக்குத் தெரியும். பாயிடம் போய், "ரெண்டு பேரும் சேந்து இதையெல்லாம் வாங்கிப் போட்டா என்ன?" என்றேன்.

"வாங்குறதுக்கு நம்ம இருக்கோம். விக்கிறதுக்கு யாரு இருக்கா தங்கச்சி?" என்றார்.

"யாராவது கிறுக்கன் வருவான் பாய்."

"வந்தா சரி" என்று தையல் மெஷினை மூடி வைத்தார். பிள்ளைச்சாவடிக்குப் போகும் சாலையோரம் ஒரு காலி மனையை வாடகைக்கு எடுத்தோம்.

முதல் கிறுக்கர், ரெட்டியார்பாளையத்துப் பல் டாக்டர். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாங்கள் சென்னையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த மஞ்சள் வண்டியைப் பார்த்தார். எலுமிச்சம்பழ மஞ்சள். பழைய ஓனர் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, கை நுழைகிற அளவுக்கு ஒரு குழாயை மாட்டியிருந்தான். டாக்டர் சாவியைத் திருப்பினார். பக்கத்துத் தென்னையிலிருந்த காக்காயெல்லாம் பறந்தது. டாக்டர் மைலேஜ் கேட்கவில்லை. "ஆர்சி எப்ப மாத்தலாம்?" என்றுதான் கேட்டார்.

அதன் பிறகு கொஞ்ச நாளில் ஒரு காலை நேரம், எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர், ரிட்டயர் ஆன பிரெஞ்சு வாத்தியார். கஞ்சி போட்ட சட்டை, வெள்ளை மீசை. அவரிடம் படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லோரும் அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் குடியிருக்கும் தெருவின் நலச்சங்கத் தலைவர். இன்னொருவர் அதே தெருவில் நாய் வளர்க்கிற அம்மா.

"அந்த மஞ்ச வண்டிய வித்தது நீங்கதானே?" என்றார் முசியே.

ஒப்புக்கொண்டேன்.

"காலையில அவர் கிளம்பினா எங்க தெருவுல இடி விழுது. என் வீட்டு அலமாரியில தம்ளரெல்லாம் ஆடுது."

"எங்க ஜிம்மி கட்டிலுக்கு அடியில போனா சாயந்திரம்தான் வருது" என்றார் அந்த அம்மா. "டாக்டர்கிட்ட சொன்னா, போய் அவங்ககிட்ட கேளுங்கன்றாரு."

டாக்டர் எங்களைக் கைகாட்டிவிட்டுத் தப்பித்துவிட்டார். ஆனால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. டாக்டருக்கு போன் போட்டு வண்டியை வரவழைத்தேன். பழைய கம்பெனி சைலன்சர் ஒன்று எங்களிடம் கிடந்தது. அதை மாட்டி முடித்ததும், முசியேவை வரச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

"சத்தம் போயிடுச்சு சார்" என்றேன்.

"நின்னுகிட்டிருக்கும்போது எல்லாந்தான் சும்மா இருக்கும்" என்றார் முசியே. "ஓடும்போது என்னா பண்ணுதுன்னு யாருக்குத் தெரியும்?"

இந்த இடத்தில் எனக்குள் இருந்த விற்பனைக்காரி விழித்துக்கொண்டாள். "அப்ப நீங்களே ஓட்டிப் பாத்துடுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். உங்க காதால கேட்டாத்தானே உங்களுக்கும் திருப்தி?"

முசியே தயங்கினார். அவரிடம் இருந்தது ஒரு பழைய வேன் மாதிரியான கார். மனைவியை மார்க்கெட்டுக்கும் சர்ச்சுக்கும் கூட்டிப்போவதோடு சரி. நாய்க்கார அம்மா, "போய்ப் பாருங்க சார், நான் பாய்கிட்ட பேசிட்டிருக்கேன்" என்றார். முசியே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். அந்த வண்டியில் யாரும் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும்.

கடற்கரைச் சாலையில் வடக்கே போனோம். முதல் கிலோமீட்டர் மாட்டுவண்டி வேகம். பாலம் தாண்டி ரோடு காலியானதும், "கொஞ்சம் அழுத்துங்க சார், அப்பத்தான் சத்தம் வருமா வராதான்னு தெரியும்" என்றேன். அழுத்தினார். டர்போ ஒரு நொடி யோசித்தது. அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் சீட்டோடு சேர்த்து அறைந்தது. முசியே வாயிலிருந்து ஒரு பிரெஞ்சு வார்த்தை வந்தது. வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற வார்த்தையாக அது எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி யார்டுக்குள் நிறுத்தியதும், இன்ஜினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக அந்த அம்மா கேட்டார்: "என்ன சார், சத்தம் இருக்கா?"

"இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார் முசியே. "நாளைக்கு இன்னொரு தரம் செக் பண்ணிடணும்."

மறுநாள் செக் பண்ணினார். அதற்கடுத்த நாள், காற்று எதிர்த்திசையில் அடிக்கும்போது எப்படி என்று செக் பண்ணினார். என் வண்டி எங்கே என்று டாக்டர் போனில் கத்தியபோது, "சங்கத்துலேருந்து இன்னும் சோதனை முடியல டாக்டர்" என்றார் பாய்.

சைலன்சர் மாறியதும் தெரு அமைதியாகிவிட்டது. டாக்டருக்கும் கல்யாணம் ஆனது. மாமனார் சீதனம் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஓர் எலெக்ட்ரிக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். உயரமான வண்டி, சத்தமே கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு எதற்கு என்று மனைவி கேட்க, டாக்டர் மஞ்சள் வண்டியை எங்களிடமே திருப்பிக் கொடுத்தார். சாவியைத் தரும்போது கொஞ்ச நேரம் விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

இதற்குள் சந்தை தலைகீழாகியிருந்தது. புதிதாக வருகிற வண்டியெல்லாம் ஒன்று ஆட்டோமேட்டிக், இல்லையென்றால் பேட்டரி. கையால் கியர் போடுகிற டர்போ வண்டி இனிமேல் கிடைக்காது என்று பையன்களுக்குத் திடீரென்று ஞானம் வந்துவிட்டது. யாரும் சீண்டாத வண்டிகளைத் தேடி கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் வந்தது. எல்லோரும் "ஸ்டாக் கண்டிஷனா, கம்பெனியில வந்தபடியே இருக்கா?" என்றே கேட்டார்கள். முன்பு பெரிய குழாய்க்காக அலைந்தவர்கள் இப்போது கம்பெனி சைலன்சருக்காக அலைந்தார்கள். மஞ்சள் வண்டியின் படத்தைப் போட்ட அன்றே கொச்சிக்காரர் ஒருவர், நாளைக்கே ரயில் ஏறுகிறேன் என்றார்.

அவர் ஏறுவதற்குள் முசியே வந்துவிட்டார்.

"ஒரு சினேகிதருக்கு வண்டி தேவைப்படுது" என்று ஆரம்பித்தார். மீசையைத் தடவிக்கொண்டே வேறெங்கோ பார்த்தார்.

பாய் கையில் இருந்த ஊசியை உறையில் குத்திவைத்தார். "என்ன மாதிரி வண்டி சார்?"

"பெருசா ஒண்ணும் வேணாம். சின்னதா. மஞ்சளா இருந்தாக்கூடப் பரவாயில்ல."

"சினேகிதர் என்ன உசரம்? சீட்டு அதுக்குத் தகுந்த மாதிரி வைக்கணும்."

"என் உசரந்தான்."

"கண்ணாடி போடுவாரா?"

"போடுவாரு."

"மீசை?"

முசியே பாயை முறைத்தார். நான் திரும்பிக்கொண்டு டயருக்குக் காற்று பார்க்கிற மாதிரி குனிந்தேன். சிரிப்பை அடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கொச்சிக்காரருக்கு வண்டி போய்விட்டது என்று சொல்லிவிட்டோம். பாய்க்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். கொச்சிக்காரர் பேரமே பேசவில்லையே என்றார். "அவரு கண்ணாடி ரூம்ல பூட்டி வெச்சிடுவாரு பாய். இவரு ஓட்டுவாரு" என்றேன். பாய் குத்திவைத்த ஊசியை மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகுதான் முசியே முக்கியமான சங்கதியைச் சொன்னார். வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சத்தத்தை எதிர்த்துக் கொடி பிடித்த சங்கத் தலைவர் அதே வண்டியை வாசலில் நிறுத்தினால் தெருவில் தலைகாட்ட முடியுமா? மனைவியிடமும் சொல்லவில்லை. ஆகவே விற்ற வண்டி எங்கள் யார்டிலேயே, உறை போட்டு மூலையில் நின்றது. பாய் அந்த உறையைக் காசு வாங்காமல் தைத்தார்.

தினமும் காலையில் முசியே ஸ்கூட்டரில் வருவார். டிராக் பேன்ட், வாக்கிங் ஷூ, கழுத்தில் துண்டு. வீட்டில் பீச்சுக்கு நடக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். உறையை அவரே கழற்றி, அழகாக மடித்துவைப்பார். வடக்கே போவார். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வருவார். துண்டை மட்டும் குழாயடியில் கொஞ்சம் நனைத்துக்கொண்டு கிளம்புவார், வியர்வைக்கு.

இது இப்படியே ஓடும் என்று நினைத்தோம். ஒரு நாள் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்த நேரத்தில், ஓர் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். காட்டன் புடவை, கையில் குடை. வந்ததும் வராததுமாக என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்.

"நீதானா அது?"

"யாரும்மா நீங்க?"

"முசியே வீட்டுக்காரி."

பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நூல் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரிடம் இருந்த நூலை வைத்து ஒரு பஸ்ஸுக்கே உறை தைக்கலாம்.

"மாசக்கணக்கா நடக்கிறாரு, ஒரு கிலோ எறங்கல" என்றார் அந்த அம்மா. "வூட்டுக்கு வரும்போது தானா சிரிச்சுகிட்டு வராரு. சட்டையில எலுமிச்ச வாசன. நான் நர்ஸா இருந்தவ, எனக்குத் தெரியாதா? இன்னிக்கு ஆட்டோ புடிச்சுப் பின்னாடியே வந்தேன். இந்த கேட்டுக்குள்ள அவரு ஸ்கூட்டரு நுழையறதத் தூரத்துலேருந்து பாத்தேன், ஆட்டோக்காரன் பெட்ரோல் போட நின்னுட்டு வர நேரமாயிடுச்சு. கடைசியில உள்ள வந்து பாத்தா நீ நிக்கிற."

எலுமிச்சை வாசனை, டாஷ்போர்டில் பாய் ஒட்டிவைத்த டப்பாவினுடையது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்கம்மா. அது இப்ப வந்துடும்."

"எது?"

"அவரு தெனம் பாக்க வர்றது."

உட்கார்ந்தார். குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். அது எனக்காகவா முசியேவுக்காகவா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கேட் வழியாக மஞ்சள் வண்டி வளைந்து உள்ளே வந்தது. முசியே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். நாற்காலியைப் பார்த்தார். பாட்டு பாதியில் நின்றது.

அந்த அம்மா எழுந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினார். குடை நுனியால் டயரைத் தட்டினார்.

"இதுவா?"

"இதுதான்" என்றார் முசியே, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல.

"கடவுளே, நான் என்னென்னமோ நெனச்சேன்" என்று திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். முசியே வழக்கம்போல் குழாயடியில் துண்டை நனைத்துக்கொண்டு வந்து நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கி மோந்து பார்த்து, "இது வேர்வையா?" என்று கேட்டு மறுபடியும் சிரித்தார்.

பிறகு தீர்ப்பு வந்தது. "வூட்டுக்கு எடுத்துட்டு வாங்க. ஊருக்குப் பயந்துகிட்டு இன்னொருத்தர் எடத்துல வெச்சுப் பாக்குறதெல்லாம் அசிங்கம்." போகும்போது அந்த அம்மாவும் அதே வண்டியில்தான் போனார். முழங்கால் வலியோடு உள்ளே இறங்கி உட்கார ஐந்து நிமிடம் ஆனது. கேட்டைத் தாண்டியதும் டர்போ பாடியது. கூடவே ஒரு பெண்குரலும் "அய்யோ" என்றது. பயத்தில் வந்த அய்யோ இல்லை அது.

தெருவில் என்ன நடந்தது என்பதைப் பல் டாக்டர் வந்து சொன்னார். அடுத்த சங்கக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, தெருவில் ஒரு மஞ்சள் வண்டி சத்தம் போடுகிறது, தலைவர் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பழைய கணக்கைத் தீர்க்க டாக்டரே கோரிக்கை வைத்திருக்கிறார். முசியே எழுந்து தொண்டையைக் கனைத்து, சம்பந்தப்பட்டவரைக் கண்டிப்பதாகச் சொல்லியிருக்கிறார். காலை ஏழு மணிக்கு முன்னால் அந்த வண்டியை மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று தீர்மானமும் போட்டுவிட்டார்கள். இப்போது முசியே மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அவர் பின்னால் நின்று தள்ளுகிறார். நாய்க்கார அம்மா ஜிம்மியோடு ஒரு கை கொடுக்கிறார். இத்தனை நாள் இறங்காத ஒரு கிலோ இறங்கிவிட்டதாம்.

"நானும் தள்ளுறேன்" என்றார் டாக்டர். சொல்லிவிட்டுத் தன் எலெக்ட்ரிக் காரைத் திரும்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுக்கா. போறதும் தெரியல, நிக்கிறதும் தெரியல. அந்த மாதிரி இன்னொண்ணு கெடைக்குமா?"

கிடைப்பது அவ்வளவு எளிதில்லை. ஒரு காலத்தில் எங்களிடம் வந்து கெஞ்சிக் கொடுத்தவர்கள் இப்போது போனையே எடுப்பதில்லை. ஆறு மாதம் தேடி, போன வாரம் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒன்று வந்தது. சிவப்பு, கை வைக்காத வண்டி. டாக்டருக்குப் படம் அனுப்பினேன். அரை மணியில் வெள்ளைக் கோட்டோடு, ரப்பர் கையுறையோடு வந்து நின்றார்.

"என்னா டாக்டர், கிளினிக் லீவா?" என்றார் பாய்.

"இல்ல பாய். ஒருத்தருக்கு மரத்துப் போற ஊசி போட்டு உக்கார வெச்சிருக்கேன். மரக்கிறதுக்குக் கொஞ்சம் நேரமாவும்."

பாய் சாவியைத் தூக்கிப் போட்டார். "அப்ப வேகமாவே ஓட்டிப் பாருங்க."