எலும்பு சொன்ன வயது

என் அண்ணனுக்கு எத்தனை வயது என்று அவன் கை எலும்பிடம் போய்க் கேட்டார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். அப்போது எனக்கு ஏழு வயது. அதற்கும் அம்மாவின் வாய்தான் சாட்சி. காத்திவாக்கம் குப்பத்தில் நாங்கள் இருவரும் வீட்டிலேயே பிறந்தவர்கள். அதைப் போய்ப் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி, முகத்துவாரத்தில் இறால் பிடிக்கப் போய்விட்டான்.

வலைத் தகராறு ஒன்றில் அவன் அடித்த அடியில் ஒருவர் மண்டை உடைந்து படுத்த படுக்கையானார். பதினெட்டு ஆகவில்லை என்றால் சிறுவர் இல்லம். ஆகியிருந்தால் பெரியவர்களின் ஜெயில். பதினேழுதான் நடக்கிறது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். காகிதம் இல்லாத பேச்சு எங்கே எடுபடும்? எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டது கோர்ட்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நானும் அந்த அறைக்குள் நுழைந்துவிட்டேன். விளக்குப் பலகையில் டாக்டர் படத்தைச் செருகினார். தோலும் சதையும் இல்லாத ஒரு கை, விரல்களை விரித்தபடி வெள்ளையாகத் தெரிந்தது. சுண்டுவிரல் கோணல். படகுக்கடியில் நசுங்கிய அண்ணனின் அதே விரல். அவன் போலீஸ்காரரோடு என் பக்கத்தில் உயிரோடு நிற்க, செத்துப்போன அவன் கை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

“மணிக்கட்டுல எலும்பெல்லாம் இடைவெளி இல்லாம சேர்ந்துடுச்சும்மா. பதினெட்டு தாண்டியாச்சு” என்றார் டாக்டர். ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, “பையனை நல்லா ஊட்டி வளர்த்திருக்கீங்க” என்றும் சொன்னார்.

“பெத்தவ நான் சொல்லிகினு கீறேன், நீங்க எலும்பாண்ட போயி கேக்குறீங்களே சார்” என்று அழுதாள் அம்மா. அண்ணனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் ஆட்டுக்கால் சூப் கொதிக்கும். நோஞ்சானாகப் பிறந்த அண்ணனுக்காகத் தொடங்கிய பழக்கம். எனக்கும் ஒரு டம்ளர் கிடைக்கும். அவன் போன பிறகு அந்தச் சட்டி அடுப்பில் ஏறவேயில்லை. பக்கத்து வீட்டு அத்தை கொடுத்ததையும் அம்மா சாக்கடையில் ஊற்றினாள். எனக்குக் கஞ்சிதான்.

சாயங்காலம், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும்போது, அம்மா என்னை மடியில் இழுத்துப்போட்டு மணிக்கட்டை அழுத்திப் பார்ப்பாள். அவள் விரல்கள் எதையோ தேடிக்கொண்டு எலும்போரமாக மெல்ல ஊர்ந்து போகும். என் கைக்குள் யாரோ ஒளிந்திருப்பதாகவும், நேரம் பார்த்து என்னைப் போலீஸில் காட்டிக்கொடுக்கப் போவதாகவும் நம்பினேன். தனியாக இருக்கும்போது என் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“எனக்கு ஏம்மா சூப் இல்ல?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இப்பிடியே இருடி கண்ணு” என்றாள். “வளந்து இன்னா ஆவப்போவுது?”

அண்ணன் மேலுள்ள கோபத்தை என் வயிற்றில் காட்டுகிறாள் என்று நினைத்து அழுதேன். அவனுக்கு ஊற்றிய ஒவ்வொரு டம்ளரும்தான் அவனை ஜெயிலில் கொண்டுபோய் விட்டது என்று அவள் நம்பியதும், மிச்சமிருந்த ஒரு பிள்ளையை அரை வயிறாகப் போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்ததும் அப்போது எனக்குத் தெரியாது.