சம்பந்தி பிடித்த மீன்

பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவருக்குக் கடுக்காய் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. ஆனால் வைத்தவர் ஆளை நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். டாக்டர் எடுத்தனுப்பும் அச்சைக் கண்டால் "இது வாயா, குகையா?" என்பார். பக்கத்து மேசைக்காரர் தும்மினால்கூட அதிலொரு குற்றம் கண்டுபிடிப்பார். இத்தனை ஏளனத்தையும் தாராளமாகச் செலவழித்தவர், ஒரே ஒருவரிடம் மட்டும் அதை மென்று விழுங்க வேண்டியிருந்தது. அவர்தான் சம்பந்தி.

சம்பந்தி டைல்ஸ் கடை முதலாளி. ஓய்வு நாளில் ஆற்றில் தூண்டில் போடுவார். புழு மாட்டிப் போடுகிற சாதாரணத் தூண்டில் இல்லை. முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்து, அதைத் தண்ணீர்மேல் வீசி மீனை ஏமாற்றுகிற தூண்டில். அதற்காக மார்புவரை ரப்பர் கால்சட்டை, உடம்பெல்லாம் பை வைத்த சட்டை. கடுக்காயின் கண்ணுக்கு அவர் சாக்கடை அள்ள வந்தவர் வழிதவறி ஆற்றில் இறங்கியதுபோல் தெரிந்தார்.

மகள் வீட்டில் ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் சம்பந்தி ஆரம்பித்தார்.

"எந்தப் பூச்சி எப்ப தண்ணிக்குள்ளருந்து எழும்பும்னு தெரியணும் சம்பந்தி. அதே மாதிரி பூச்சியப் போட்டாத்தான் மீன் கடிக்கும். அதெல்லாம் உங்களுக்குப் புரியாது. நீங்க பல்லைப் பார்த்தே காலத்தை ஓட்டினவரு."

மருமகன் சிரித்தான். மகள் தண்ணீர் டம்ளருக்குள் பார்த்தாள். கடுக்காய் வெறும் பல்லை மட்டும் காட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஆற்றில் நின்றார். பிசின் கலக்குகிற வெள்ளைத் தட்டும், பல்லின் விளிம்பைப் பார்க்கிற பூதக்கண்ணாடியும் கையில். கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டு தட்டையாக ஒரு பூச்சி, மூன்று வால் முடியோடு. மணலையும் குச்சியையும் ஒட்டிச் சட்டை தைத்துக்கொண்டு அதற்குள் குடியிருப்பது இன்னொன்று. இப்படியே வாராவாரம் போனார். மூன்று வால்காரன் மாதக்கணக்கில் கல்லடியில் கிடந்து, ஒரு சாயங்காலம் மேலே நீந்தி வந்து, முதுகுத் தோல் வெடித்து இறக்கையோடு வெளியே வருவதைப் பார்த்தார். வெளியே வர முடியாமல் பாதித் தோலில் மாட்டிக்கொண்டு தவிப்பவைதான் மீனுக்குச் சுலபமான தீனி என்பதையும் பார்த்தார்.

"எல்லாரும் பூச்சியக் கண்டா ஒதுங்கிப் போவாங்க. நீங்க கல்லைப் புரட்டிக் கூப்பிடுறீங்க," என்றாள் மனைவி.

"இதுக்கு இறக்கை முளைச்சப்புறம் வாய் வேலை செய்யாது, தெரியுமா? சாப்பாடு கிடையாது, பேச்சு கிடையாது. ஜோடி சேரும், முட்டை போடும், செத்துப் போயிடும்."

"சம்பந்திக்கும் அப்படி அமைஞ்சிருக்கலாம்."

கல்யாணமானதிலிருந்து அவள் சொன்னதில் இதுதான் உருப்படியானது என்று கடுக்காய் நினைத்தார்.

ஒரு தூண்டில் வாங்கினார். வேலைக்கு உதவும் மெல்லிய இடுக்கியால், பாதித் தோலில் மாட்டிய பூச்சியைப்போலவே ஒன்று கட்டினார். பிறகு, "நானும் வரலாமா சம்பந்தி?" என்று கேட்டார். சம்பந்தி பெருந்தன்மையாகக் காரில் முன்சீட்டைக் கொடுத்தார்.

அன்று வெயில் தாழ்ந்ததும் பூச்சிகள் எழும்பின. மீன்கள் புரண்டன. சம்பந்தி பெட்டியிலிருந்து பெரிய மிதக்கும் பூச்சியாக எடுத்தார்.

"மேல உக்காந்திருக்கிற பூச்சியத்தான் திங்குது சம்பந்தி. பாருங்க, என்னமா வாயைத் திறக்குது!"

"வாய் எங்கே தெரியுது? முதுகுதான் தெரியுது. மேல வந்து தின்னா குமிழி விடும். இதுல குமிழியே இல்ல. தண்ணிக்கு அடியில தின்னுதுங்க."

"புஸ்தகத்துல படிச்சீங்களா?" என்று சிரித்தார் சம்பந்தி.

கடுக்காய் தூண்டிலை வீசினார். பூச்சி பின்னாலிருந்த புதரில் மாட்டியது. அவிழ்த்து மறுபடி வீசினார். தன் தொப்பியிலேயே மாட்டியது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் பூச்சியைப் படித்த மனிதர் ஒருமுறைகூட வீசிப் பழகவில்லை. தூண்டில் வீசுவதெல்லாம் மூளையில்லாதவன் செய்கிற வேலைதானே என்று நினைத்திருந்தார். மூன்றாம் முறை கால் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தார்.

அந்த நேரம் சம்பந்தியின் போன் அடித்தது. கடையில் யாரோ தவறான நிறத்தில் டைல்ஸை ஏற்றிவிட்டிருந்தார்கள். தூண்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சம்பந்தி கத்திக்கொண்டிருக்க, அவர் மறந்துவிட்ட மிதக்கும் பூச்சி நனைந்து, கனத்து, மெல்ல அடியில் இறங்கியது. மீன் கவ்வியது.

"பார்த்தீங்களா சம்பந்தி? இதுக்குப் பேருதான் அனுபவம்!"

"உங்க பூச்சி முங்கிப்போச்சு! முங்கினதாலதான் கடிச்சது! நான் சொன்னேன்ல!" தண்ணீரில் உட்கார்ந்தபடியே கடுக்காய் கத்தினார்.

"முதல்ல எந்திரிங்க. சளி பிடிச்சுக்கும்."

அந்த மீனோடு சம்பந்தி தன் போனில் தானே எடுத்துக்கொண்ட படம் மகள் வீட்டு முன்னறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. படத்தின் ஓரத்தில், கவனமாகப் பார்த்தால், நனைந்த கால்சட்டையைப் பிழிகிற ஒருவரின் முதுகு தெரியும். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கடுக்காய் அதற்கு எதிர்ப்பக்க நாற்காலியைத் தவிர்த்துவிடுவார். சம்பந்தி மேல் அவருக்கு இப்போது பாதிக் கோபம்தான். மீதியை அந்த மீனுக்கு ஒதுக்கிவிட்டார். கண்ணெதிரே நல்ல தீனி எழும்பிக்கொண்டிருக்க, முங்கிப்போன இறகைப் போய்த் தின்றதே, அதற்கு மூளை எங்கிருந்து வரும்?

தூண்டிலை விற்றுவிட்டார். ஆனால் சாயங்காலங்களில் ஆற்றுக்குப் போகிறார். எதிர்க்கரையில் ரப்பர் கால்சட்டைக்காரர்கள் வீசுவதைப் பார்த்து, "மேல திங்குதாம்! கண்ணா அது, பொத்தானா?" என்று தனியாகத் திட்டிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மனைவியும் கூடப் போனாள். ஒரு பூச்சி வந்து அவள் கையில் உட்கார்ந்தது. இறக்கை முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கிற இனம். அவள் தட்டிவிடப் போனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அசையாதே."

மங்கலான தோலைக் கழற்றி அவள் கையிலேயே விட்டுவிட்டு, கண்ணாடி இறக்கையோடு பூச்சி பறந்துபோனது.

"அடேங்கப்பா," என்றாள் அவள். பிறகு, "கையை விடுங்க. வலிக்குது."