தையலறைக்கு அடியில் ஒரு மூடி

தெருவில் அவரை இஞ்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் சும்மா வரவில்லை. இருபத்திரண்டு வருடம் படுக்கையறை மூலையில் மிஷினைப் போட்டுத் துணி தைத்தவர். அரை இஞ்ச் என்றால் அரை இஞ்ச்தான். வேன் ஓட்டும் கணவர் இரண்டு முறை ஊசிமேல் படுத்து எழுந்த பிறகுதான் வீட்டுப் பின்புறம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தையலறை கட்டச் சம்மதித்தார். தரைக்கு முப்பது வெள்ளை டைல்ஸ். மிஷினை உள்ளே நகர்த்தியது மார்ச் பதினான்கு, வியாழக்கிழமை. பத்தொன்பது நாள் கழித்து, ஏப்ரல் இரண்டு, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் குளியலறைத் தண்ணீர் கீழே போகாமல் மேலே வந்தது.

வரிசையாக நான்கு வீடுகள், அவருடையது மூன்றாவது. நான்கின் கழிவுநீரும் முதல் வீட்டிலிருந்து நான்காம் வீடு வரை ஓடும் பின்புறத்துப் பொதுக் குழாய் வழியாகத் தெருவுக்குப் போகும்; வீட்டுக்கொரு குழி, அதற்கொரு கல் மூடி. பிளம்பர் வந்து இரண்டு பக்கமும் கம்பி விட்டுப் பார்த்தார்.

"ரெண்டாம் வீட்டுக் குழி நிரம்பி நிக்குது. நாலாம் வீட்டுக் குழி காய்ஞ்சு கிடக்குது. அடைப்பு நடுவுல, உங்ககிட்டதான்க்கா. மூடி இருந்தா திறந்து எடுத்துடலாம். உங்க வீட்ல மூடியையே காணோம்."

"அப்ப?"

"இந்த ரூம் தரையை இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் உடைச்சுப் பார்க்கணும்."

இஞ்சக்கா வெள்ளை டைல்ஸைப் பார்த்தார். "பொதுக் குழாய்தானே? நாலு வீடும் சேர்ந்துதானே பார்த்துக்கணும்?"

இரண்டாம் வீட்டு டீச்சர் தோளில் துண்டோடு, கையில் நகராட்சித் தாளோடு நின்றார். "குழாய் நாலு வீட்டுப் பொறுப்பு, சரி. அது மேல யார் கட்டுனாங்களோ, திறந்துவிடற பொறுப்பு அவங்களோடது. அஞ்சாவது வரி. நான் காலையிலேர்ந்து குளிக்கலைங்க, அதான் சட்டம் பேசறேன்."

நான்கு வீடும் ஒரே வரைபடத்தில் கட்டியவை. மூன்று வீட்டில் மூடி இருக்கிறது என்றால் இங்கே மட்டும் எப்படி இல்லாமல் போகும்? இஞ்சக்கா தையல் டேப்பை எடுத்துக்கொண்டு மற்ற மூன்று வீட்டுப் பின்புறமும் போய் அளந்தார். ஒவ்வொரு மூடியின் நடுப்புள்ளியும் பக்கச் சுவரிலிருந்து ஐந்தடி மூன்று இஞ்ச், வீட்டுப் பின்சுவரிலிருந்து ஏழடி இரண்டு இஞ்ச். மூன்றிலும் அதே கணக்கு. திரும்பி வந்து, துணியில் கோடு போடும் சாக்கால் தன் தரையில் ஒன்றரை அடிச் சதுரம் வரைந்தார். கட்டம் சரியாக ஒரே டைல்ஸுக்குள் உட்கார்ந்தது.

அதற்குள் அந்த அறையைக் கட்டிய கொத்தனாரும் வந்துவிட்டார். கட்டத்தைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, அன்னிக்கே கேட்டேனே. இங்க ஒரு மூடி இருக்கு, விட்டு வச்சா கட்டம் தெரியும்னு. நீங்க மிஷினை விட்டுத் தலையைத் தூக்காமலே, ஒட்டுப் போட்ட மாதிரி எதுவும் தெரியக்கூடாதுன்னீங்க."

சொன்னது அவருக்கும் நினைவு வந்தது. அவர் துணியைப் பற்றிய நினைப்பிலேயே இருந்து சொன்ன பதில் அது. முகம் சிவந்தது.

"சரி, நான் மூடினது. நானே திறந்துவிடறேன். ஆனா இந்த ஒரு டைல்ஸ்தான். பக்கத்துல உளி படக்கூடாது."

"அளவு தப்பிடுச்சுன்னா?" என்றார் பிளம்பர்.

"தப்பாது."

"போன மாசம் என் சட்டைக் கை இறுக்கமா இருந்துச்சே," என்றார் டீச்சர்.

"அளவு சரிதான் டீச்சர். கைதான் வளர்ந்துடுச்சு."

கொத்தனார் இருபது நிமிடம் தட்டினார். டைல்ஸ் பெயர்ந்தது; அடியில் கலவை, அதற்கும் அடியில் கல் மூடி. ஆனால் ஓரம் சாக்குக் கோட்டிலிருந்து கால் இஞ்ச் தள்ளியிருந்தது.

"கால் இஞ்ச் எங்க போச்சு?" இஞ்சக்காவால் தாங்க முடியவில்லை.

"சுவர்ல நான் பூசின பூச்சுக்கா அது."

மூடியைத் தூக்கினார்கள். நிரம்பி நின்ற தண்ணீருக்கடியில், குழாய் வாயில் சிமெண்ட் கட்டியொன்று உறைந்து, முடியும் நூலும் சுற்றிக் கிடந்தது. பிளம்பர் கம்பியால் நெம்பி வெளியே எடுத்தார். கட்டிக்குள் பாதி புதைந்திருந்தது ஒரு கொத்துக் கரண்டி.

கொத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கலவை போடறதுக்கு முன்னாடி மூடியைத் தூக்கிப் பார்த்தேன், அப்ப விழுந்திருக்கு. இதைத் தேடாத இடமில்லை. சித்தாள்தான் தொலைச்சான்னு மூணு நாள் பேசாம இருந்தேன்."

"பாவம், எந்தச் சித்தாள்?"

"என் பொண்டாட்டிதான்க்கா."

பிளம்பர் கம்பியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து இரண்டாம் வீட்டில் தேங்கியிருந்த தண்ணீர் கடகடவென்று குழிக்குள் இறங்கி நாலாம் வீட்டுப் பக்கம் ஓடியது. டீச்சரும் ஓடினார், வீட்டுக்கு.

கொத்தனார் கூலி வாங்காமல், கல் மூடிக்குப் பதிலாகப் புது டைல்ஸை இரும்புச் சட்டத்தில் பதித்து, இரண்டு கைப்பிடி வைத்துக் கொடுத்தார். நாலு பக்கமும் கோடு பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு இஞ்சக்கா முதல் மூன்று வீட்டிலும் குழாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, மூடியைத் தூக்கி வைத்துக் குனிந்து பார்த்தார்.

"என்ன தெரியுது?" என்று கணவர் வாசற்படியிலிருந்து கேட்டார்.

"மூணு வீட்டுத் தண்ணியும் போகுது. டீச்சர் சோப்பை மாத்திட்டாங்க, நுரை ஜாஸ்தி," என்று சொல்லி மூடியை இறக்கி, நாற்காலியை அதன்மேல் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மிஷினை மிதித்தார்.