கன்னியப்பன் பேசி வைத்த வழி

கன்னியப்பன் இறந்துவிட்டார். காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் போனவர், கம்பெனி வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

எனக்குச் சாவுச் செய்தி எப்போதும் ஆர்டராகத்தான் வரும். ஒரகடம் கூட்டு ரோட்டில் சாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன் நான். அன்றைக்கும் போன் வந்தது. "ண்ணா, ஒரு சாமியானா, ஐஸ் பெட்டி, கொஞ்சம் நாற்காலி. ஒடனே அனுப்பு." யார் வீட்டுக்கு என்று கேட்டுக்கொண்டே, வண்டியை எடுக்கச் சொல்லி ஆளுக்குக் கை காட்டினேன். "நம்ம கன்னியப்பன் வூட்டுக்குண்ணா." தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். மூன்று நாளில் காப்புக் கட்ட வேண்டும். இவர் இல்லாமல் இந்த வருஷம் அம்மன் எப்படிச் சுற்றி வரும்?

பதினாறாம் நாளுக்கு அச்சடிக்கும் இந்த நினைவு மலரை, கம்பெனி வேலைக்குத் தெற்கிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளும் படிப்பார்கள். அதனால் கொஞ்சம் விவரம். எங்கள் ஊரில் மூன்று கோயில். கல்யாணத்துக்குப் பெருமாள், பிரதோஷத்துக்குச் சிவன், பயத்துக்கு எல்லையம்மன். கல்வெட்டெல்லாம் முதல் இரண்டு கோயிலில்தான். எல்லையம்மனுக்கு இருப்பது ஊரின் நான்கு மூலைக்கு நான்கு கல். எந்தக் காலத்திலோ பேதி வந்து வீட்டுக்கு வீடு பிணம் விழுந்தபோது, அம்மனைத் தூக்கிக்கொண்டு நான்கு கல்லையும் சுற்றினார்களாம். சுற்று முடிந்ததும் நோய் நின்றதாம். அதிலிருந்து ஆடியில் காப்புக் கட்டி, அடுத்து வரும் வெள்ளிக்கிழமை அம்மன் நான்கு கல்லையும் தொட்டுத் திரும்பினால்தான் காப்பு அவிழும். காப்பு அவிழாமல் ஊரில் எந்த வீட்டிலும் பந்தக்கால் நடக் கூடாது. ஆவணியில் கல்யாணம் வைத்தவர்கள் அந்த வெள்ளிக்கிழமை வரை பந்தலுக்கு முன்பணம்கூடத் தர மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனிகளுக்கு நிலம் எடுத்தார்கள். மேற்கு மூலைக் கல் ஒரு கம்பெனியின் மதிலுக்குள் போய்விட்டது. அந்தக் கல் இருந்தது கன்னியப்பனின் நிலத்தில்.

மண்ணைச் சமன் செய்ய ஜேசிபி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். வந்த அதிகாரிகளுக்கு நிழலுக்குப் பந்தல் போட்டது நான்தான். கன்னியப்பன் கல்லுக்கு முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். டிரைவர் கத்தினான்.

"யோவ், எழுந்துரு. டீசல் எரியுது."

"எரியட்டும் நைனா. உன் டீசல் தீந்துபூடும். எனக்கு எதிர்க்கவே டீக்கடை கீது."

சண்டை இல்லை, கோஷம் இல்லை. டிரைவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் ஒரு எஞ்சினியர் வந்து பார்த்து, கல்லைச் சுற்றி இடம் விட்டுவிட்டுச் சமன் செய்யச் சொன்னார். பிறகு வண்டிகள் இடிக்காமல் இருக்கக் கல்லைச் சுற்றிக் கட்டைச் சுவர் கட்டி, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்தார்கள். "பாத்தியா மொதலாளி, கம்பெனிக்காரன் அம்மனுக்குப் புலித்தோலு போத்திட்டான்" என்று சிரித்தார். நான் வெறுங்கையோடு இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னை மொதலாளி என்றுதான் கூப்பிட்டார். அப்போது கிண்டலுக்கு. அப்புறம் பழக்கத்துக்கு.

நிலம் போனவர்களுக்குக் கான்ட்ராக்டில் வேலை கொடுத்தார்கள். அவருக்கு அதே கம்பெனி வாசலில் காவல் வேலை. "இன்னா கன்னியப்பா, உன் கயனிக்கு நீயே வாட்ச்மேனா?" என்று சீண்டாதவர்கள் ஊரில் குறைவு. "முன்ன மாட்டுக்குக் காவல், இப்ப லாரிக்கு. சம்பளம் இப்பதான் குடுக்கறான்" என்பார்.

ஒவ்வொரு ஆடியிலும் விழாக் கமிட்டியில் வந்து சொல்வார்: "கம்பெனில கூப்புட்றாங்கப்பா. அம்மன் உள்ள வந்துட்டுப் போனாதான் லைன் நல்லா ஓடுதாம்." கூப்பிட்டார்கள் என்ற மிதப்பில் ஊர் தலை நிமிர்ந்து போகும். கதவும் திறக்கும். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிட மாட்டார். கடும் விரதம் என்று பெண்கள் பெருமையாகப் பேசுவார்கள். ஒருமுறை நான் கேட்டேன், கம்பெனிக்காரன் இவ்வளவு இறங்கி வருகிறானே, எப்படி என்று. அவர் சொன்னது: "உரிமைன்னு போனா மதிலு நிக்கும். தயவுன்னு போனா ஊரு நிக்காது. நடுவுல ஒரு சந்து கீது மொதலாளி. அதுலதான் அம்மன் போவுது." எனக்கு அப்போது விளங்கவில்லை.

இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டியாயிற்று. கம்பெனியிலிருந்து யாரும் கூப்பிட வரவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. கமிட்டியில் ஏழுமலை குதித்தான். அவனும் அந்தக் கம்பெனியில்தான் கான்ட்ராக்ட் வேலை. அவன் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். "நம்ம நெலத்துல போறதுக்கு நாம போயிக் கேக்கணுமா? கூப்புட்டா போவோம். கூப்புடலன்னா மதில ஒட்ச்சிகினு போவோம்." மதிலை உடைத்தால் போலீஸ் வரும், உள்ளே வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வேலை போகும். எனக்கும் பயம் இருந்தது, ஒளிக்கவில்லை. கம்பெனி விழாவுக்கும் பந்தல் போடுகிறேன், ஊர்க் கல்யாணத்துக்கும் போடுகிறேன். இரண்டு பக்கமும் என் பிழைப்பு.

புதன்கிழமை நானே கம்பெனிக்குப் போனேன். ஆட்களை வேலைக்கு எடுக்கும் அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆயுத பூஜைப் பந்தலால் பழக்கம்.

"வாங்க அண்ணாச்சி. பில்லா?"

"பில் இல்ல சார். வெள்ளிக்கெழம அம்மன் வருது. கூப்பிட ஆள் வரலியேன்னு..."

"கூப்பிடவா? யாரு, நாங்களா?" பேனாவை மூடி வைத்தார். "உங்க ஊர்ல இருந்துலா வருசா வருசம் கேட்டு விடுவாங்க. 'ஊரே கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குது சார், பத்து நிமிசம்'னு கன்னியப்பன் வந்து நிப்பாரு. நானும் ஷிப்டு மாறுத நேரமாப் பார்த்துத் திறக்கச் சொல்லுவேன். இந்த வருசம் யாரும் கேக்கல. சரி, விட்டுட்டாங்க போலன்னு இருந்தேன்."

ஊரிடம், கம்பெனி கேட்கிறது என்றிருக்கிறார் கன்னியப்பன். கம்பெனியிடம், ஊர் கேட்கிறது என்றிருக்கிறார். இரண்டு பேரையும் கொடுக்கிற இடத்தில் உட்கார வைத்துவிட்டு, கேட்கிற இடத்தில் தான் மட்டும் நின்றிருக்கிறார். தரகில் நானும் பழம் தின்று கொட்டை போட்டவன்தான். இப்படி ஒரு தரகைக் கண்டதில்லை, அதிலும் கமிஷன் இல்லாமல்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "ஆடி பொறந்தா அவருக்குச் சோறு எறங்காதுண்ணா. நீங்கள்லாம் வெரதம்னு நெனச்சிகினீங்க. அது பயம். ரெண்டு பக்கத்து ஆளும் ஒரு நாளு நேருக்கு நேரா பேசிட்டா இன்னா பண்றதுன்னு பொலம்புவாரு."

அந்த நாள் வந்துவிட்டது. பேசியவன் நான்.

ஏழுமலையைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். கத்தினான். "நம்மள பிச்ச எடுக்க வச்சிட்டானா அந்தாளு!" என்றான். கடைசியில் கேட்டான்: "தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தல் நீதானண்ணா போட்ற?"

"காப்பு அவிழ்ந்தா போட்றேன்."

"அப்ப நீ போயிக் கேளு. நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லாத."

சொல்லவில்லை ஏழுமலை. எழுதத்தான் எழுதினேன்.

வியாழக்கிழமை மறுபடி போனேன். அதிகாரி இந்த முறை மேலிடத்தில் கேட்டார். தீ கூடாது, பெயின்ட் கிடங்கு பக்கத்தில் இருக்கிறது, சத்தம் கூடாது, கூட்டம் கூடாது என்று பதில் வந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அம்மன் வாசலுக்கு வரும்போது, கம்பெனியே கூப்பிட்டது போல அவர் தாம்பூலத் தட்டோடு நிற்க வேண்டும். "அதுக்கென்ன அண்ணாச்சி, எங்க ஊர்லயும் அம்மன் வந்தா நிப்போம்லா" என்றார்.

வெள்ளிக்கிழமை அம்மன் வாசலை அடைந்தபோது கதவு சாத்தியிருந்தது. அதிகாரியைக் காணோம். மேளம் தானாக ஓய்ந்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. சுமக்கிறவர்களில் பாதிப் பேர் இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் தூத்துக்குடிப் பிள்ளைகள்; தோள் மாற்றாமல் என் முகத்தையே பார்த்தார்கள். ஏழுமலை முன்னால் போய்க் கதவில் கையை வைத்தான். இத்தனை வருஷம் இந்த இடத்தில்தான் கன்னியப்பன் சாவியோடு நின்றிருக்கிறார், காலி வயிற்றோடு.

உள்ளே வழியை அடைத்திருந்த ஒரு கன்டெய்னர் லாரி திரும்பி ஒதுங்கியது. கதவு நகர்ந்தது. வேர்வையில் சட்டை நனைந்த அதிகாரி தட்டோடு நின்றார். ஏழுமலை கையை எடுத்து, அதே கையால் தட்டை வாங்கிக்கொண்டான்.

காப்பு அவிழ்ந்தது. ஆனால் ஒரே ஆளின் வாய்ச்சொல்லில் நிற்கும் ஏற்பாடு வியாபாரத்துக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது. அந்த ஆள் போனால் அதுவும் போகும். அதனால்தான் எல்லாவற்றையும் அச்சில் போடுகிறேன். கன்னியப்பன் பொய் சொன்னார் என்று யாருக்காவது கோபம் வந்தால், ஆவணியில் அவர்கள் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படட்டும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பயத்தை. ஆடி பிறந்தால் இனி எனக்கும் சோறு இறங்காது.

பேசி முடித்தது இதுதான். ஆடி பிறந்ததும் ஊர் சார்பில் ஒருவர் போய்க் கேட்க வேண்டும். அம்மன் வரும்போது கம்பெனி சார்பில் ஒருவர் தட்டோடு வாசலில் நிற்க வேண்டும். மேளம், தீவட்டி, கற்பூரம் எல்லாம் வெளியே. உள்ளே பூசாரியும் அம்மனைச் சுமக்கிறவர்களும் மட்டும். ஷிப்டு மாறும்போது நுழைந்து, சங்கு ஊதுவதற்குள் வெளியே வர வேண்டும். கட்டணம் யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை.